பௌர்ணமி ஃபோல்டர்கள்

என் மனைவி மேல் எனக்குப் பொறாமை வந்ததற்கு ஒரு பட்டன்தான் காரணம். கம்ப்யூட்டர் திரையில் 'புதிய ப்ராஜெக்ட்' என்று இருந்த அந்தப் பட்டனை அவள் அமுக்கியபோது நான் எதிர் மேசையில்தான் இருந்தேன். என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டாள். நான் செங்கம் ரோட்டு லாட்ஜ்காரர் ஒருவரோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவளே ஒரு பெயரை வைத்து, என் ப்ரோக்ராம் முழுவதையும் அதற்குள் ஏற்றிவிட்டு, டீ போடப் போய்விட்டாள்.

என் ப்ரோக்ராம் என்று அழுத்திச் சொல்கிறேன். அழுத்திச் சொல்ல வேண்டிய நிலைமைக்கு ஆளானவன்தான் இப்படி அழுத்துவான்.

வேங்கிக்காலில் புதிதாக எழும்பிய வீடுகளில் ஒன்றின் மாடி அறைதான் எங்கள் ஆபீஸ். இரண்டு மேசை, இரண்டு கம்ப்யூட்டர், கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் ஒரு பேட்டரி. லாட்ஜ்களுக்கான மென்பொருள் செய்து கொடுக்கிறோம். எந்த அறை காலி, யார் வந்திருக்கிறார், எப்போது காலி செய்வார், அட்வான்ஸ் கொடுத்தாரா இல்லையா, இவ்வளவுதான் விஷயம். கேட்க லேசாக இருக்கும். இந்த ஊரில் செய்து பார்த்தால்தான் தெரியும். சாதாரண நாளில் பாதி லாட்ஜ் ஈ ஓட்டும். பௌர்ணமி வந்துவிட்டால் வராண்டாவில் பாய் போட்டுப் படுக்கக்கூட ஆள் நிற்கும். காலையில் வந்து மலையைச் சுற்றிவிட்டு அன்றைக்கே கிளம்புகிறவர், இரவு முழுக்கச் சுற்றிவிட்டு விடிந்ததும் வந்து குளிக்க மட்டும் அறை கேட்கிறவர், ஒரே அறைக்குள் மொத்தக் குடும்பத்தையும் திணிக்கப் பார்க்கிறவர் என்று எல்லாருக்கும் கணக்கு வேறு. வெளியூர்க்காரன் செய்த மென்பொருள் எதுவும் இந்த ஊரில் ஒரு பௌர்ணமியைத் தாண்டியதில்லை. என்னுடையது தாண்டியது. கல்யாணத்துக்கு முன்பே, தன்னந்தனியாக, ஒவ்வொரு லாட்ஜ் கவுன்ட்டராக உட்கார்ந்து பார்த்து எழுதினேன்.

அதில் ஒரு சட்டமும் வைத்திருந்தேன். பௌர்ணமி நெருங்கினால் ப்ரோக்ராமில் கை வைக்கக் கூடாது. அதுவரை செய்த வேலையை அப்படியே ஒரு ஃபோல்டராக நகல் எடுத்து, அந்த மாதத்தின் பெயரைப் போட்டு மூடிவிடுவேன். ஆனி, ஆடி, ஆவணி. சில மாதம் மூடிய பிறகும் மனசு கேட்காமல் எதையாவது திருத்திவிட்டு 'புரட்டாசி கடைசி' என்று இன்னொன்று வைப்பேன். அப்புறம் 'புரட்டாசி நிஜமாகவே கடைசி' என்று ஒன்று வரும். தீபத்துக்கு வைப்பது 'கார்த்திகை தொடாதே'. கூட்டம் கலைந்த பிறகு அந்த ஃபோல்டரிலிருந்துதான் அடுத்த மாத வேலை தொடங்கும். ஹார்ட் டிஸ்க் முழுக்க இப்படி மாதங்கள் அடுக்கியிருந்தன. எதில் என்ன இருக்கிறது என்பது திறந்து பார்க்காமலே எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. அதில் எனக்கு ஒரு ரகசியக் கர்வம் இருந்தது.

மனைவி கீழ்பென்னாத்தூர்க்காரி. வேர்க்கடலை போடுகிற குடும்பத்திலிருந்து படித்து, சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவள். கல்யாணமான பிறகு அதே வேலையை வீட்டிலிருந்து பார்த்தாள். அவள் ஓர் அறையில், நான் ஓர் அறையில். பிறகு கம்பெனி எல்லாரையும் சென்னைக்கே வரச் சொன்னது. அவள் வேலையை விட்டுவிட்டு என் எதிர் மேசைக்கு வந்தாள். வந்த அன்றைக்கு என் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து, ஃபோல்டர்களை மேலும் கீழுமாக உருட்டிப் பார்த்தாள்.

"இதுல எதுங்க கடைசி?" என்று கேட்டாள்.

நான் காட்டினேன். அவள் அதை எடுத்துத்தான் வெர்ஷன் கன்ட்ரோலில் ஏற்றினாள். வெர்ஷன் கன்ட்ரோல் என்பது மந்திரம் ஒன்றும் இல்லை. ப்ரோக்ராமில் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று ஒவ்வொரு தடவையும் தானே குறித்துவைத்துக்கொள்ளும். தப்பாகிவிட்டால் முந்தின நிலைக்குப் போய்விடலாம். சென்னைக் கம்பெனிகளில் இது இல்லாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். புதிய ப்ராஜெக்ட் ஒன்றை உருவாக்கி, ஏற்கெனவே இருக்கிற வேலையை அதற்குள் இம்போர்ட் செய்தால் போதும், அன்றிலிருந்து குறிப்பு ஆரம்பமாகிவிடும்.

வில்லங்கமே அந்த 'அன்றிலிருந்து' என்பதில்தான். அதற்கு முன்னால் நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. இம்போர்ட் செய்தது யாரோ அவர்தான் அத்தனையையும் எழுதினார் என்று நம்பிவிடும். டீ வருவதற்குள் நான் எட்டிப் பார்த்தேன். எந்த வரியை யார் எழுதினார்கள் என்று காட்டும் பக்கம் திறந்திருந்தது. ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கம் என் மனைவியின் பெயர். மேலிருந்து கீழே, ஃபைல் ஃபைலாக, அவள் பெயர். ஒரு தீபத்தின்போது வாங்கிய அடிக்குப் பிறகு, எனக்கு நானே எச்சரிக்கையாக, 'இந்த இடத்தில் கை வைத்தால் மவனே செத்தாய்' என்று ப்ரோக்ராமுக்கு நடுவே எழுதி வைத்திருந்தேன். அதற்குப் பக்கத்திலும் அவள் பெயர்.

வயிறு எரிந்தது. டீயை வாங்கிக் குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

அவள் வேலை சுத்தம். அதைச் சொல்லாமல் விட்டால் என் பொறாமைக்கே மரியாதை இல்லை. சுமாரான ஆள் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் படித்துப் பார்த்துச் சரி சொன்னால்தான் அது ப்ராஜெக்ட்டுக்குள் சேரும் என்று ஓர் ஏற்பாடு செய்தாள். அவள் அனுப்புவதை நான் படிக்க வேண்டும், நான் அனுப்புவதை அவள். நியாயமான ஏற்பாடுதான். நான் அனுப்பிய முதல் மாற்றத்துக்கு, 'இது எதற்கு? புரியவில்லை' என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினாள். என் வீட்டுக்குள் போக வாசலில் நின்று யார் என்று சொல்ல வேண்டியிருக்கிறதே என்று நினைத்தேன். பதில் எழுதவில்லை. அதோடு நான் எதையும் அனுப்புவதையும் நிறுத்திக்கொண்டேன். லாட்ஜ்களுக்குப் போவது, பிரிண்டர் மாட்டிக் கொடுப்பது, போன் பேசுவது என்று வைத்துக்கொண்டேன். ப்ரோக்ராம் எழுதுவதெல்லாம் அவள்தான். அவள் ஏன் என்று கேட்டபோது, வெளி வேலை ஜாஸ்தியாகிவிட்டது என்றேன். சுத்த வீம்பு.

போனும் கொஞ்ச நாளில் என்னைக் கைவிட்டது. சன்னதித் தெருப் பக்கம் லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர்தான் என் முதல் வாடிக்கையாளர். எத்தனையோ பௌர்ணமிக்கு அவர் கவுன்ட்டரில் அவருக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். எப்போது கூப்பிட்டாலும் "இன்னா தம்பி, சாப்ட்டியா" என்றுதான் ஆரம்பிப்பார். ஒரு நாள் போனை எடுத்ததும், "மேடம் இருக்காங்களா?" என்றார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. நான் போனை மனைவியிடம் நீட்டினேன். ஏதோ சிரித்துப் பேசினார்கள். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். மலை இருந்தது. அது எங்கே போகும்?

அந்த வருடம் ஆவணிப் பௌர்ணமியன்று காலையில், முன்பதிவை ரத்து செய்தால் அந்த அறை காலியாகக் காட்டவில்லை என்று ஒரு லாட்ஜிலிருந்து சொன்னார்கள். பௌர்ணமி முடியட்டும், அதுவரை பேப்பரில் எழுதிக்கொள்ளச் சொல் என்றேன். அதுதான் சட்டம். அவள், இது சின்ன மாற்றம், இப்போதே செய்துவிடலாம் என்றாள்.

"இன்னிக்குப் போய் யாராவது கை வெப்பாங்களா?" என்றேன்.

"கெட்டுப்போச்சுனா பழசுக்குத் திரும்பிடலாங்க. அதுக்குத்தானே இது இருக்குது" என்று சொல்லிவிட்டு, திருத்தி, எல்லா லாட்ஜுக்கும் அனுப்பிவிட்டாள்.

அன்று பகல் முழுவதும் நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஏதாவது ஒரு லாட்ஜில் ஓர் அறை இரண்டு பேருக்குப் போயிருந்தால் போதும். அவள் பதறிப்போய் என்னைப் பார்ப்பாள், நான் பெருமூச்சு விட்டபடி எழுந்து பழைய ஃபோல்டரைத் திறப்பேன் என்றெல்லாம் மனசில் ஓட்டிப் பார்த்தேன். கெட்டால் என் வாடிக்கையாளர், என் பெயர், என் சோறு. அப்படியும் ஆசைப்பட்டேன். போன் அடிக்கவே இல்லை. கடைசியில் நானே சன்னதித் தெருக்காரரைக் கூப்பிட்டு எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று விசாரித்தேன். "ஜம்முனு ஓடுது தம்பி, மேடத்துக்கு நான் சொன்னேன்னு சொல்லு" என்றார்.

இத்தனை வருடமாக நான் காத்துவந்த சட்டத்துக்கு அன்றைக்கு வேலை போய்விட்டது.

இதற்கிடையில் சன்னதித் தெருக்காரர் இன்னொரு செய்தி கொண்டுவந்தார். அவருடைய சொந்தபந்தத்தில் லாட்ஜ் நடத்துகிறவர்கள் நிறைய. எல்லாருமாகச் சேர்ந்து ஒரே மென்பொருளுக்கு மாறலாம் என்று பேச்சு. அவர் லாட்ஜ் ஹாலில் கூடுகிறார்கள், வந்து விளக்கிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு வந்ததில்லை. முடிவில், "மேடத்தை அனுப்பு தம்பி" என்றார். இதை எழுதியவன் என்று பத்துப் பேருக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை காலம் கவுன்ட்டர் கவுன்ட்டராக உட்கார்ந்தேன். நிற்கும் நாள் வந்தது, நிற்கப்போவது அவள்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அவள், மோர் வேண்டுமா என்று கேட்டாள். நான் வேறு ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எல்லா வரியிலயும் உன் பேருதான் இருக்குது" என்று வந்துவிட்டது.

அவளுக்கு முதலில் புரியவில்லை. எந்த வரி என்றாள். சொன்னேன். சிரித்தாள். "அது இம்போர்ட் பண்ணவங்க பேரத்தான் போடுமுங்க. அதுக்கு இன்னா தெரியும்?"

"அதுக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமில்ல?"

சிரிப்பு நின்றுவிட்டது. மோரை எனக்கு ஊற்றினாள், தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. தட்டைக் கழுவி வைத்த பிறகு மேலே வந்து, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டாள்.

அவள் செய்ய நினைத்தது இதுதான். கடைசி ஃபோல்டரை மட்டும் ஏற்றியதுதானே தப்பு, முதல் ஃபோல்டரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக, நடந்த வரிசையிலேயே மறுபடி இம்போர்ட் செய்தால் எல்லாக் குறிப்பும் தானே வந்துவிடும். ஒவ்வொரு ஃபோல்டரையும் ஏற்றும்போது எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டுவிடலாம். அதற்கு மேல் அவள் செய்த வேலை வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் எது முதல், எது அடுத்தது? ஒரு தடவை பழைய டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்ததால் எல்லாவற்றையும் புதிய டிஸ்க்குக்கு மாற்றியிருந்தேன். அப்போது எல்லா ஃபோல்டருக்கும் ஒரே தேதி விழுந்துவிட்டது. பெயரோ வெறும் மாதம். வருடத்தை நான் எழுதியதே இல்லை. ஆவணி வருடா வருடம் வருகிறது. டிஸ்க்கில் ஆவணி, ஆவணி கடைசி, ஆவணி புதுசு, ஆவணி சரி என்று வரிசையாக நின்றன.

"எந்த ஆவணி முன்னாடிங்க?" என்று நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இப்படி ஒரு மகிழ்ச்சியான வாரத்தை நான் அனுபவித்ததில்லை. ஒவ்வொரு ஃபோல்டரையும் திறந்து நான் கதை சொன்னேன். இது ஏசி அறைக்குத் தனி ரேட் கேட்ட வருடம். இது தீபத்துக்கு மழை பிடித்துக்கொண்டு, வந்தவர்கள் கிளம்ப முடியாமல் மாட்டிக்கொள்ள, தங்கும் நாளை நீட்டும் வசதியை லாட்ஜ் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதியது. இது ஆதார் அட்டையைப் படம் எடுத்து வைக்கச் சொன்ன பிறகு. அவள் கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக ஏற்றினாள். இரண்டு ஆவணிகள் விஷயத்தில் மட்டும் சண்டை வந்தது. நான் மாற்றிச் சொல்கிறேன் என்று ஃபைல்களை ஒப்பிட்டுக் காட்டினாள். அவள் சொன்னதுதான் சரி. அதற்கும் லேசாக எரிந்தது.

நடுவில் மாதப் பெயரே இல்லாமல் 'சும்மா' என்று ஒரு ஃபோல்டர் வந்தது. அது என்ன என்றாள். கொரோனா காலத்தில் மலை சுற்ற விடவில்லை. பௌர்ணமி வானத்தில் வந்து போனது, ஊருக்கு வரவில்லை. லாட்ஜ்கள் பூட்டிக் கிடந்தன. எந்தக் கெடுவும் இல்லாததால் மொத்த ப்ரோக்ராமையும் பிரித்துப் போட்டு, நிதானமாக, யாரும் கேட்காமலே திருப்பி எழுதினேன். எங்களுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. பக்கத்து அறையிலிருந்து அவள் சென்னைக்காரர்களோடு பேசும் குரல் கேட்டபடி இருக்கும்.

அவள் அந்த ஃபோல்டரை உடனே ஏற்றவில்லை. படிக்க ஆரம்பித்தாள். நான் கீழே போய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தேன், அப்போதும் படித்துக்கொண்டிருந்தாள்.

"இத எழுதனவரோட ஒக்காந்து வேல செஞ்சிருக்கணுங்க" என்றாள்.

"நான்தானே எழுதனேன்."

"ஆமாங்க" என்றாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவளை அப்படிப் பார்க்க வைத்த அந்த ஆளின் மேல் எனக்குப் பொறாமை வந்தது. யாரும் கேட்காத வேலையை உட்கார்ந்து செய்திருக்கிறான். யார் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்திருக்க மாட்டான். பக்கத்து அறையில் இருந்தவளுக்கு அப்போது அவனைத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது, அவன் இல்லை. நான் இருக்கிறேன், பிரிண்டர் மாட்டிக்கொண்டு.

கூட்டத்துக்கு அவளை வண்டியில் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனேன். ஹாலில் பின்வரிசையில், வாசல் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். சன்னதித் தெருக்காரரைத் தவிர அங்கே என்னை யாருக்கும் தெரியாது. அவரும் வந்தவர்களுக்குக் காபி சொல்லக் கீழே போய்விட்டார். மனைவி சுவரில் படம் விழ வைத்து விளக்கினாள். எல்லாம் கேட்டுவிட்டு, சன்னதித் தெருக்காரரின் மச்சான், வெள்ளை வேட்டிக்காரர், தீபத்துக்குத் தாங்குமா என்று கேட்டார். மற்றவர்களுக்கும் அந்தச் சந்தேகம்தான் என்பது தெரிந்தது.

அவள் புதிதாகச் செய்த அந்த வரிசையைத் திறந்து சுவரில் காட்டினாள். அடியிலிருந்து ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி நிஜமாகவே கடைசி, கார்த்திகை தொடாதே. ஒவ்வொன்றின் பக்கத்திலும் வருடம், என் பெயர். பௌர்ணமியை வைத்துப் பிழைக்கிறவர்கள், அவர்களுக்கு அதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மழை பெய்த கார்த்திகை அது என்றார் ஒருவர். மாதப் பெயர் இல்லாமல் 'சும்மா' மட்டும் நின்ற இடத்தில், அது கொரோனா என்றார் இன்னொருவர். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யாராவது திரும்பிப் பார்த்தால் தேவலை என்றிருந்தது.

வரிசை மேலே போகப் போக ஓர் இடத்தில் என் பெயர் நின்றுபோனது. அதற்கு மேல் அவள் பெயர், அவள் பெயர், அவள் பெயர்தான்.

வேட்டிக்காரர் கண்ணைச் சுருக்கிச் சுவரைப் பார்த்தார். "நல்லா செஞ்சிருக்காரும்மா. ஆரம்பத்துலருந்து எழுதனவரு வேலைய விட்டுப் போய்ட்டாரா?" என்று கேட்டார்.

அவர் சும்மாதான் கேட்டார். ஆள் மாறினால் நாளைக்கு யாரைக் கூப்பிடுவது என்ற கவலை. மனைவி அத்தனை தலைகளுக்கும் மேலாக என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. எதிர் மேசையில் இருந்து ஒரு ஃபைலைக் கேட்பது போலத்தான் பார்த்தாள்.

"போவலீங்க" என்றேன் பின்னாலிருந்து. எல்லாரும் திரும்பினார்கள். "லீவுல இருந்தாரு. நாளைக்கு வந்துடுவாரு."